எம்ஜிபி ஜிடி-ல கிளட்ச் ஸ்லிப்: எஞ்சினைத் தூக்குறதுக்கு முன்னாடி

என்கிட்ட இருக்கிறது 1972 மாடல் எம்ஜிபி ஜிடி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், 1798 சிசி பி-சீரிஸ் எஞ்சின், ஓவர்டிரைவ் (அதே ஸ்பீடுல எஞ்சின் சுத்துறத கொறைக்கிற கூடுதல் கியர்) உள்ளது, இங்கிலாந்துல பல வருஷமா நானே ஓட்டி நானே வேலை பாக்குறேன். இந்த வண்டில கிளட்ச் மாத்தணும்னா கியர்பாக்ஸை மட்டும் கீழ எறக்க முடியாது, எஞ்சின் வெளிய வந்தே ஆகணும். அதனால கிளட்ச் சரியா பிடிக்காம ஸ்லிப் ஆகுதுன்னதும் கிளட்ச் செட் வாங்கிடாதீங்க, எதனாலன்னு மொதல்ல பாருங்க.

மொத தடவை ஸ்நேக் பாஸ்ங்கிற மலைப்பாதை ஏத்தத்துல வந்துச்சு. டாப் கியர்ல ஆக்ஸிலேட்டர மிதிச்சா ஆர்பிஎம் முள்ளு மட்டும் ஏறுது, வண்டி இழுக்கவே இல்ல. உடனே ஓவர்டிரைவை ஆஃப் பண்ணேன். ஏன்னா அதுக்குள்ளயே தனியா ஒரு கோன் கிளட்ச் இருக்கு, அது வழுக்கினாலும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இருக்கும். ஆஃப் பண்ணதும் சரியாயிட்டா மெயின் கிளட்ச் நல்லா இருக்குன்னு அர்த்தம், கியர்பாக்ஸ் ஆயில் லெவலப் பாருங்க, ரெண்டுக்கும் ஒரே ஆயில்தான். எனக்கு ஆஃப் பண்ணியும் வழுக்குச்சு.

ஹேண்ட்பிரேக் போட்டு டாப் கியர்ல கிளட்சை விட்டா எஞ்சின் நின்னுடணும்னு ஒரு டெஸ்ட் சொல்வாங்க, அது ஸ்லிப் இருக்கா இல்லையான்னு சொல்லும், காரணத்தைச் சொல்லாது, அடிக்கடி செஞ்சா கிளட்ச் பிளேட்டும் கருகும்.

காரணம் தெரியணும்னா ஸ்லிப் எப்போ வருதுன்னு கவனிக்கணும். எனக்கு கியர் மாத்தின உடனே கொஞ்ச நேரம் வழுக்கும், அப்புறம் தானா பிடிச்சிக்கும். பிளேட் தேஞ்சிருந்தா இப்படி இருக்காது, லோடு ஏறுனப்பல்லாம் வழுக்கும். இந்த வண்டில கேபிள் கிடையாது, பெடல்கிட்ட மாஸ்டர் சிலிண்டர், கிளட்ச்கிட்ட ஸ்லேவ் சிலிண்டர், நடுவுல ஃப்ளூயிட் போற ஒரு மெட்டல் பைப், ஒரு ரப்பர் ஹோஸ், அவ்வளவுதான். அந்த ஹோஸ் பழசாகி உள்பக்கம் ஊதிப்போச்சுன்னா மிதிக்கிறப்போ ஃப்ளூயிட் போயிடும், காலை எடுத்தா சீக்கிரம் திரும்பி வராது, கிளட்ச்சை விலக்குற ரிலீஸ் பேரிங் அமுங்கினபடியே நிக்கும். இதைப் பாக்குறது ஈஸி. ஸ்லிப் ஆகுற நேரத்துல ஓரமா நிறுத்தி, பெடல்ல கால் வைக்காம, ஸ்லேவ் சிலிண்டர் பிளீட் நிப்பிளை (உள்ள மாட்டுன காத்தை வெளிய விடுற திருகு) லேசா லூஸ் பண்ணுங்க, பீச்சி அடிச்சா உள்ள பிரஷர் மாட்டிருக்கு. மாஸ்டர் சிலிண்டர்கிட்ட பைப்பை லூஸ் பண்ணா பிரஷர் போகாம நிப்பிள்ல மட்டும் போச்சுன்னா தப்பு ஹோஸ்லதான். மாஸ்டர்கிட்டயே போயிடுச்சுன்னா அங்க பெடலையும் மாஸ்டரையும் இணைக்கிற புஷ் ராடுக்கு ஃப்ரீ ப்ளே இருக்கான்னு பாக்கணும். எனக்கு ஹோஸ்தான், மாத்தினதும் வண்டி பழையபடி இழுத்துச்சு, எஞ்சினைத் தொடவே இல்ல.

பல வருஷம் கழிச்சு மறுபடியும் ஸ்லிப், ஆனா இது வேற மாதிரி. கெளம்பும்போது வண்டி ஒதறும், ஏத்தத்துல எல்லா கியர்லயும் வழுக்கும், நிப்பிளைத் தொறந்தா பிரஷரே இல்ல. கிளட்ச்சை மூடியிருக்கிற பெல் ஹவுசிங் அடில இருக்கிற ஓட்டைல ஆயில் சொட்டிக்கிட்டு இருந்துச்சு. எஞ்சின் பின்பக்க ஆயில் சீல் போயி பிளேட் நனைஞ்சிருக்கு. நனைஞ்ச பிளேட்ட பெட்ரோல்ல கழுவிப் போடலாம்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, லைனிங் குடிச்ச ஆயில் சூட்டுல திரும்ப கசியும். எஞ்சினை எடுத்து சீல், பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாத்தையும் ஒண்ணா மாத்தினேன், ஃப்ளைவீலையும் நல்லா தொடச்சு பாத்துட்டுதான் மாட்டினேன். சீலை விட்டுட்டு பிளேட்ட மட்டும் மாத்தினா அதே வேலைய மறுபடி செய்யணும்.

ரிலீஸ் பேரிங் இதுல கிராஃபைட், பால் பேரிங் இல்ல, கிளட்ச்சை மிதிச்சிருக்கிற வரைக்கும் உரசித் தேயும். அதனால சிக்னல்ல நான் எப்பவும் நியூட்ரல்ல போட்டு காலை எடுத்துடுவேன். இப்போ ஓவர்டிரைவ் போட்டும் போடாமலும் அதே ஏத்தத்துல முள்ளும் ஸ்பீடும் சேந்தேதான் ஏறுது.