மீன் பெட்டி சுமக்கும் பைக்: ஸ்பிரிங்குகள் எப்படித் தாக்குப்பிடித்தன?

மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம், சில நாள் தனுஷ்கோடி வரை ஓட்டம். பின்னால் மீனும் ஐஸும் நிறைந்த பெட்டி. எஞ்சினைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் ஸ்பிரிங்குகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பின் ஷாக் அப்சார்பரின் சுருள்கள் இன்றுவரை தளரவில்லை. பாம்பன் சாலைப் பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும்போது அந்த அடியை வாங்கி, ஆற்றலாகச் சேர்த்து வைப்பவை அவைதான். அமுங்கும் தூரம் இரட்டித்தால் சேரும் ஆற்றல் நான்கு மடங்காகும். மீட்டருக்கு 20,000 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங் 2 செ.மீ. அமுங்கினால் 4 ஜூல், 4 செ.மீ. அமுங்கினால் 16 ஜூல். பெட்டி நிறைந்த நாளில் நான் மெதுவாகப் போவது இந்தக் கணக்குக்குப் பயந்துதான்.

சேர்த்ததை ஸ்பிரிங் தன்னிடமே வைத்துக்கொள்ளாது, அப்படியே திருப்பித் தள்ளும். அந்தத் துள்ளலை அடக்கி வெப்பமாக்குவது ஷாக் அப்சார்பரில் உள்ள எண்ணெய். என் வண்டியில் முதலில் கெட்டது அந்தப் பகுதிதான். கச்சான் காற்றில் தனுஷ்கோடி சாலையில் ஏறும் மணல் தண்டில் ஒட்டி, கசிந்த எண்ணெயோடு கறுப்புப் பசையாகியிருந்தது. ஒவ்வொரு மேட்டிலும் வண்டி இரண்டு மூன்று முறை குதித்தது. "ஸ்பிரிங் போய்விட்டது அண்ணே" என்றார் மெக்கானிக். கழற்றிப் புதியதோடு வைத்துப் பார்த்தோம், நீளம் ஒன்றேதான். எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் வளையத்தையும் எண்ணெயையும் மாற்றியதும் குதிப்பு நின்றது. ஸ்பிரிங்கின் மேல் பழி போடுவது எல்லோருக்கும் எளிது!

சுருளின் அடியிலுள்ள படி வளையத்தை ஏற்றி வைத்தால் ஸ்பிரிங் விறைப்பாகிவிடும் என்பார்கள். விறைப்பு மாறாது, முன்கூட்டியே அமுக்கி வைப்பதால், சுமையில் தாழும் பின்பக்கம் உயர்கிறது, அவ்வளவே. சுமைக்காரர்களுக்கு அதுவே பெரிய உதவி.

ஏமாற்றம் தந்தது சைடு ஸ்டாண்டை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங். பெட்டியிலிருந்து சொட்டும் உப்புநீர் அதன் மேல்தான் விழுகிறது. சுருள் பகுதி நன்றாகவே இருந்தது. கொக்கி வளையும் இடத்தில் துரு குழி பறித்து, அங்கேயே அறுந்தது. இழுபடும்போது தகைவு (உலோகத்துக்குள் எழும் விசையின் செறிவு) குவிவதும் அந்த வளைவில்தான். ஸ்டாண்டு தொங்கினால் இடப்பக்கத் திருப்பத்தில் தரையில் இடித்து ஆளைச் சாய்த்துவிடும் என்பதால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிட்டு, கொக்கிகளில் கிரீஸ் தடவுகிறேன். அடுத்துப் போட்ட ஸ்பிரிங்கில் இதுவரை துரு இல்லை. மாற்றும்போது முகத்தை விலக்கி, கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். இழுத்து வைத்த ஆற்றல் முழுவதும் கை நழுவிய நொடியில் வெளியே வரும்.