‘காற்றைச் சுத்தம் செய்யும் செடி’ என்று சொல்லி 14 தொட்டிகளை எங்கள் தலையில் கட்டினார்கள்

புது வீட்டுக்குக் குடிபோகிறவர்கள், அதிலும் வீசிங் இருக்கும் குழந்தையை வைத்திருக்கிறவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நாங்கள் கோவையில், சரவணம்பட்டிப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். கடையின் பேரை இங்கே எழுதவில்லை, புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது. விசாரித்துப் பார்த்ததில், எங்களிடம் சொன்ன அதே வார்த்தைகளைச் சொல்லி விற்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த வார்த்தைகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தை மாதம் பால் காய்ச்சிக் குடி வந்தோம். பீரோ, சமையலறை அலமாரி, டிவி யூனிட், பரண் கதவு எல்லாமே புதிதாகச் செய்த மரவேலை. பாதி பிளைவுட், உள்தட்டுகள் எம்.டி.எஃப், அதாவது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. அலமாரிக் கதவைத் திறந்தால் கண் எரியும். என் மகளுக்கு ஏழு வயது, ஏற்கெனவே இன்ஹேலர் வைத்திருக்கும் பிள்ளை. வந்த இரண்டாவது வாரமே ராத்திரி இருமல் தொடங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பு வாசலில் ஸ்டால் போட்டிருந்தார்கள். அழகான வெள்ளைத் தொட்டிகள், பளபளவென்று இலைகள். நான் மகளின் இருமலைப் பற்றிச் சொன்னதும் அந்தப் பையன் கையில் ஒரு அட்டையைக் கொடுத்தான். மேலே நாசா சின்னம், கீழே ‘ஃபார்மால்டிஹைடை உறிஞ்சும்’ (புதுப் பலகைகளின் பசையிலிருந்து கசிந்து கண்ணை எரிய வைக்கும் ஆவி அது), ‘இரவிலும் ஆக்சிஜன் தரும்’, ‘ஏர் பியூரிஃபையர் மெஷின் தேவையில்லை’.

“ஒண்ணும் கவலைப்படாதீங்க மேடம். உங்க வீட்டுக்குப் பதினாலு செடி போதும். ஆனா ஒண்ணு, ஜன்னலை மட்டும் சாத்தியே வைங்க. வெளிக்காத்து வந்தா செடியோட வேலை கெட்டுப்போகும்.”

கடைசியில் சொன்ன அந்த வாக்கியம்தான் எங்களுக்கு அதிகக் கேடு செய்தது.

ஸ்னேக் பிளான்ட் நான்கு, மணி பிளான்ட் மூன்று, பீஸ் லில்லி இரண்டு, அரேகா பாம் இரண்டு, ரப்பர் செடி, ஸ்பைடர் பிளான்ட், அப்புறம் பச்சையும் வெள்ளையுமாகப் பெரிய இலை வைத்த டிஃபன்பேக்கியா ஒன்று. எல்லாம் சேர்த்து 12,600 ரூபாய். மாதம் 900 என்று ஓராண்டுப் பராமரிப்புக்கு 10,800 ரூபாய் முன்பணம். மகள் படுக்கும் அறையில் மட்டும் ஐந்து தொட்டி வைத்தோம். ஜன்னலைச் சாத்தினோம். நல்லது செய்கிறோம் என்று நம்பி ஏழு வாரம் சாத்தியே வைத்திருந்தோம்.

இருமல் குறையவில்லை, கூடியது. வாரத்துக்கு இரண்டு முறை எடுத்த இன்ஹேலர் தினமும் என்றானது. பராமரிப்பு ஆள் வாரம் தவறாமல் வருவார், எல்லாச் செடிக்கும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுவார், இலைகளில் ஏதோ ஸ்பிரே அடித்துப் பளபளப்பாக்கிவிட்டுப் போவார். தொட்டியைச் சுற்றிச் சின்னச் சின்னக் கறுப்புக் கொசு மாதிரிப் பறக்க ஆரம்பித்தது. அது கொசு இல்லை, ஈரம் வடியாத மண்ணில் முட்டையிடும் ஒரு வகை ஈ என்று பிறகுதான் தெரிந்தது. கேட்டால், “செடி செட் ஆகுதுங்க” என்பார்.

ஏழாவது வாரம் என் சின்னவன், இரண்டு வயது, டிஃபன்பேக்கியா இலையைப் பிய்த்து வாயில் வைத்துவிட்டான். அவன் வீரிட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. உதடு தடித்து, எச்சில் நிற்காமல் வழிந்து, நாக்கை உள்ளே இழுக்க முடியாமல் தவித்தான். வாயைத் துடைத்து, கழுவி, குளிர்ந்த பால் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நல்லவேளை, மூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாயந்திரத்துக்குள் வீக்கம் வடிந்துவிட்டது.

சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு நறுக்கும்போது கை அரிக்கும் இல்லையா, அந்த அரிப்பைத் தரும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள்தான் இதிலும் இருக்கின்றன. டிஃபன்பேக்கியா, பீஸ் லில்லி, மணி பிளான்ட் மூன்றும் சேம்புக் குடும்பத்துச் செடிகள். கிழங்கைப் புளி போட்டு வேக வைத்துச் சாப்பிடுகிறோம், இந்த இலையைக் குழந்தை பச்சையாகக் கடிக்கிறது. டிஃபன்பேக்கியாவைக் கடித்தால் பேச்சே வராமல் போகும் என்பதால் ஆங்கிலத்தில் இதற்கு ஊமைச்செடி என்ற பொருளில் ஒரு பேரே உண்டு. ஸ்டாலில் நின்றபோது சின்னவன் என் இடுப்பில்தான் இருந்தான். அந்தப் பையன் அவன் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத்தான் இந்தச் செடியை எடுத்துக் கொடுத்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் மகளின் இருமலையும் டாக்டரம்மாவிடம் சொன்னேன். வீட்டில் புதிதாக ஏதாவது வேலை செய்தீர்களா என்று கேட்டார். மரவேலை, செடி, சாத்திய ஜன்னல் எல்லாவற்றையும் சொன்னேன். “முதல்ல போய் ஜன்னலைத் திறங்கம்மா” என்றார்.

அடுத்த ஞாயிறு சித்தி மகன் வந்தான். வேளாண்மை படித்தவன். “அக்கா, இந்தத் தொட்டியைக் கொஞ்சம் கவுத்துப் பாக்கலாமா?” என்றான். மேலே பரப்பியிருந்த வெள்ளைக் கூழாங்கல்லை அள்ளப் போனால் வரவில்லை, பசை போட்டு ஒட்டியிருக்கிறது. மண்ணை விரலால் தொட்டுப் பார்க்க வழியே இல்லை. ஸ்குரூடிரைவர் வைத்துப் பெயர்த்தோம். ஸ்னேக் பிளான்ட்டின் ஒரு இலையைப் பிடித்து லேசாக இழுத்தான், கையோடு வந்துவிட்டது. அடிப்பகுதி கனிந்து கெட்ட வாழைப்பழம் மாதிரி கொழகொழவென்று, நாற்றம் அறை முழுக்க. உள்ளே நர்சரியின் மெல்லிய கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி அப்படியே இருக்கிறது, அதில் மண்ணே இல்லை, முழுக்கத் தேங்காய் நார்க்கழிவு. வெளியே இருந்த வெள்ளைப் பீங்கான் தொட்டியின் அடியில் ஓட்டை இல்லை. இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கறுப்புத் தண்ணீர் தேங்கி நின்றது. பதினாலில் பதினொன்று இப்படி. கல்லுக்கு அடியில் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. மூச்சுத் தொல்லை இருக்கும் பிள்ளையின் தலைமாட்டில் இதைத்தான் ஐந்து தொட்டி வைத்திருந்தேன்.

ஸ்னேக் பிளான்ட் எனக்கு அந்நியச் செடியும் இல்லை. காங்கேயம் பக்கம், அம்மாவைப் பெற்ற அமுச்சியின் ஊரில், கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தின் கிளுவை வேலியோரம் மருள் என்ற செடி வளர்ந்து கிடக்கும். அந்தக் காலத்தில் அதில் நார் உரித்துக் கயிறு திரிப்பார்கள். மழையே இல்லாத மாசத்திலும் விறைத்துக்கொண்டு நிற்கும். இந்த ஸ்னேக் பிளான்ட் அதற்கு நெருங்கிய உறவு. அதற்குப் போய் வாரா வாரம் ஒரு சொம்பு தண்ணீர்.

சரி, நாசா விஷயத்துக்கு வருகிறேன். செடி காற்றைச் சுத்தம் செய்யுமா என்று நாசா சோதித்தது உண்மைதான். 1989-இல் அறிக்கையாக வெளிவந்த அந்தச் சோதனையை பி.சி. வால்வர்டன் என்ற விஞ்ஞானியின் குழு செய்தது. ஆனால் வீட்டில் இல்லை. காற்றே புகாமல் அடைத்த, முக்கால் மீட்டர் அகலமுள்ள பெட்டிக்குள் செடியை வைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற ஆவிகளைச் செலுத்தி, 24 மணி நேரத்தில் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார்கள். விண்வெளியில் அடைபட்ட கூடத்தின் காற்றுக்கு வழி தேடப் போய்த்தான் நாசா இதில் இறங்கியது. இலையைவிட வேர் மண்ணும் அதிலுள்ள நுண்ணுயிர்களும் பெரிய பங்கு வகிக்கின்றன என்றும், விசிறி வைத்துக் காற்றை வேர் வழியாகக் கரித்தூளுக்குள் இழுக்க வேண்டும் என்றும் அந்த அறிக்கையே சொல்கிறது. இதெல்லாம் அட்டையில் இல்லை. ‘ஜன்னலைச் சாத்தி வைங்க’ என்ற பேச்சு அந்த அடைத்த பெட்டியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பெட்டிக்குள் ஆவியை ஒருமுறைதான் விட்டார்கள். என் வீட்டு அலமாரியோ அதை நிறுத்தாமல் விட்டுக்கொண்டே இருந்தது.

2019-இல் அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கம்மிங்ஸ், வாரிங் என்ற இருவர், இதுபோன்ற 12 ஆய்வுகளின் 196 சோதனை முடிவுகளை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். ஒரு சாதாரணக் கட்டடத்தில் தானாக நடக்கும் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடி செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வரை வைக்க வேண்டும். என் மகளின் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, ஏறக்குறைய 11 சதுர மீட்டர். குறைந்தபட்சக் கணக்குக்கே 110 தொட்டி. நாங்கள் வைத்தது ஐந்து.

‘இரவில் ஆக்சிஜன்’ என்பதும் தவறு. ஸ்னேக் பிளான்ட் ராத்திரியில் கார்பன் டை ஆக்சைடை எடுத்து வைத்துக்கொள்ளும், அது உண்மை. ஆனால் ஆக்சிஜன் உண்டாக வெளிச்சம் வேண்டும், இருட்டில் அது நடக்காது.

பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடைக்குப் போனோம். “செடி உயிருள்ள பொருள் மேடம், அதுக்கு வாரண்டி கிடையாது” என்றார் உரிமையாளர். அட்டையை நீட்டினேன். பில்லைப் பாருங்கள் என்றார். பில்லில் இருந்தது ‘அலங்காரச் செடிகள் – 14’ என்று மட்டும்தான். காற்று என்ற சொல்லே இல்லை. வாங்கும்போது நான் தொகையை மட்டும் சரிபார்த்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். வாயால் சொல்வதை, ‘காற்றைச் சுத்தம் செய்யும்’ என்பதை, பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அங்கேயே திரும்பி விடலாம்.

நாங்கள் அட்டையையும் வாட்ஸப் செய்திகளையும் தொட்டிப் படங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரமும் வருகிறது. அதற்குப் பிறகுதான் பராமரிப்புப் பணத்தில் மீதிப் பத்து மாதத்துக்கான 9,000 திரும்பி வந்தது. செடிக்கான 12,600 வரவில்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம், 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை.

வீட்டில் மாற்றியது இவ்வளவுதான். காலையும் மாலையும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைத்தோம். அலமாரிகளைக் காலி செய்து கதவைத் திறந்து போட்டோம். பலகையின் வெட்டு ஓரங்கள் மூடாமல் இருந்தன, ஆவி அதிகம் கசிவது அங்கேதான் என்று கேள்விப்பட்டு, தச்சரை வரவழைத்து எல்லாவற்றுக்கும் ஓரத்தை மூடும் பட்டி (எட்ஜ் பேண்ட்) ஒட்டச் சொன்னோம். அது முடிகிறவரை மகளை எங்கள் அறையில் படுக்க வைத்தோம். சமைக்கும்போதெல்லாம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது. ஒரு மாதத்தில் இருமல் நன்றாகக் குறைந்தது. டாக்டர் மருந்தையும் மாற்றியதால் ஜன்னலால் மட்டுமே குறைந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அலமாரியைத் திறந்தால் இப்போது கண் எரிவதில்லை.

செடி மேல் எனக்குக் கோபம் இல்லை. பிழைத்ததைக் காப்பாற்றிவிட்டோம். ஸ்னேக் பிளான்ட்டின் அழுகாத கிழங்குத் துண்டுகளை வெட்டி இரண்டு நாள் காய வைத்து, செம்மண்ணும் மணலும் கொஞ்சம் மண்புழு உரமும் கலந்து, ஓட்டை போட்ட மண்தொட்டியில் வைத்தோம். மூன்று ஸ்னேக் பிளான்ட் புதுக்குருத்து விட்டிருக்கிறது. விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் தண்ணீர். இலைக்கு ஸ்பிரே எதுவும் வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும். அரேகாவுக்குப் பால்கனி பக்கத்து வெளிச்சம் பிடித்திருக்கிறது. மணி பிளான்ட் வேண்டுமென்றால் யார் வீட்டிலாவது ஒரு கொடியைக் கேட்டு வாங்கித் தண்ணீரில் போடுங்கள், சின்னப்பிள்ளை கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். டிஃபன்பேக்கியாவைக் கையுறை போட்டுப் பிடுங்கி எறிந்துவிட்டேன்.

போன ஞாயிறு அதே கடை பி பிளாக் வாசலில் மறுபடி ஸ்டால் போட்டிருந்தது. அதே அட்டை. மூன்றாவது மாடியில் புதிதாக வந்திருக்கும் பெண்ணுக்குக் கைக்குழந்தை, அவர் எட்டுத் தொட்டி எடுத்துவிட்டார். அன்று சாயந்திரம் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி, இரண்டு பேருமாகத் தொட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தோம். எட்டில் ஏழுக்கு அடியில் ஓட்டை இல்லை. தொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த டிஃபன்பேக்கியாவை வெளியே தூக்கி வைத்துவிட்டு, படுக்கையறை ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தேன்.