ஐஎம்எஃப்பா, ஹிமாலயன் கிளப்பா: சூரியநெல்லிப் பையனுக்கு எது சரி?

எங்க சித்தி பையன் ப்ளஸ் டூ முடிச்சிட்டு மலையேத்தம்தான்னு ஒத்தக்கால்ல நிக்கிறான், "அண்ணே எந்த கிளப்ல சேரட்டும்"னு ஒரு வாரமா கேட்டுக்கிட்டே இருக்கான். பொறந்ததே சூரியநெல்லி எஸ்டேட் லயத்துல, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுல, கொளுக்குமலை ரோட்ட நடந்தே ஏறி எறங்குனவன், மீசப்புலிமலை 2640 மீட்டர்னா அவனுக்கு பக்கத்து வீடு மாதிரி. ஆனா நம்ம மூணாறு பக்கம் உறைபனிதான் தெரியும், பனிப்பாறை தெரியாது.

ஐஎம்எஃப், அதாவது டெல்லியில இருக்குற இந்தியன் மவுண்டனியரிங் ஃபவுண்டேஷன், நாட்டுக்கே தலைமை அமைப்பு. 1965ல எம்.எஸ்.கோஹ்லி தலைமையில எவரெஸ்ட்டுக்கு டீம் அனுப்புனது இவங்கதான், ஒம்பது பேரு உச்சிய தொட்டாங்க. வெளிநாட்டு டீம் நம்ம இமயமலையில சிகரம் ஏறணும்னா இவங்ககிட்ட பெர்மிட் வாங்கி ஃபீஸ் கட்டணும், கூட ஒரு லியாசன் ஆபீசரும், அதாவது தொடர்பு அதிகாரியும், போவாரு. ஸ்போர்ட் கிளைம்பிங் போட்டிகளும் இவங்க கையிலதான், மண்டல வாரியா நடத்தி தேசிய லெவலுக்கு எடுப்பாங்க. சுவர் ஏறுறதுல பேர் வாங்கணும்னா கண்ண மூடிக்கிட்டு இந்தப் பக்கம்தான்.

ஹிமாலயன் கிளப் அதவிட பழசு, 1928ல ஆரம்பிச்சது. அடுத்த வருசத்துல இருந்து ஹிமாலயன் ஜர்னல் போடுறாங்க, எந்த வழியா ஏறுனாங்க, எங்க பனி ஒடஞ்சுச்சு, எதுக்கு பாதியில திரும்புனாங்கன்னு எல்லாம் அதுல இருக்கும். உச்சிக்கு போகாதவங்க கதையும் வர்றதுதான் எனக்கு பெருசா படுது, அடுத்து போறவன் உசுர காப்பாத்துறது அந்த மாதிரி குறிப்புதான். இன்னொண்ணு, அந்தக் காலத்துலயே டார்ஜிலிங்ல சுமை தூக்குற ஷெர்பாக்களுக்கு பேரேடு வச்சு, யாரு எந்த பயணத்துல போனாங்கன்னு எழுதி வச்சிருந்தாங்க, நல்லா வேல செஞ்சவங்களுக்கு டைகர் பேட்ஜ் குடுத்தாங்க. எவரெஸ்ட் ஏறுறதுக்கு ரொம்ப முன்னாடியே டென்சிங் அத வாங்கிட்டாரு. எஸ்டேட் வருகைப் பதிவான செக்ரோல்ல பேரு விட்டுப்போனா அன்னைக்கு கூலி இல்லங்குற வீட்டுல வளந்தவன் நான், பேர எழுதி வக்கிறது சின்ன வேல இல்ல.

நம்ம பக்கமே அதுக்கு சாட்சி இருக்கு. 2018 மார்ச்சுல தேனி மாவட்டத்துக் குரங்கணி காட்டுத் தீ, ட்ரெக்கிங் போனவங்க மாட்டி 23 உசுரு போச்சு. மலைச்சரிவுல போதைப்புல்லுங்குற புல்லு காஞ்சு கெடக்குற மாசம், ஒரு பொறி போதும். அன்னைக்கு ராத்திரி நாங்க மேல நின்னு பாத்துக்கிட்டே இருந்தோம், கீழ எத்தன பேரு இருக்காங்கன்னு ஆளாளுக்கு ஒரு கணக்கு சொன்னாங்க. அதனால வாட்ஸப்ல சேந்து சனிக்கிழம கெளம்புற ட்ரெக்கிங் குரூப்ப நான் இந்த ஒப்பீட்டுக்கே எடுக்கல. நல்ல குரூப்பும் இருக்கு, ஆனா யாரு பொறுப்புன்னு கேட்டா பதில் வரணும்.

சரி, தம்பிக்கு எது? ரெண்டுமே இப்பத்திக்கு இல்லன்னுதான் சொன்னேன், அவன் மூஞ்சி சுருங்கிப்போச்சு. கூடை கட்டுற கயித்துல எட்டு வடிவ முடிச்சு ஒண்ணு போட்டுக் காமிடான்னேன், டக்குன்னு போட்டான், ஆனா முடிச்சுக்கு வெளிய நிக்கிற கயித்து நுனி, அதான் வால், ரெண்டு விரக்கட தான் இருந்துச்சு, நாலு தடவ ஆட்டி இழுத்ததும் தளந்து வர ஆரம்பிச்சுது. ஒரு சாணாவது விடணும்டா, யூட்யூப்ல பாத்தது கைக்கு வராது. மொதல்ல மலையேத்தம் சொல்லிக் குடுக்குற டார்ஜிலிங் எச்எம்ஐயோ உத்தரகாசி நிம்மோ, 28 நாள் பேசிக் கோர்ஸ், அதுல ஏ கிரேடு வாங்குனாதான் அட்வான்ஸ் கோர்ஸுக்கே போக முடியும். அது முடிச்சு வந்தா நான் ஹிமாலயன் கிளப் பக்கம்தான் தள்ளுவேன், போட்டி ஆசை வந்தா ஐஎம்எஃப்.

இப்ப கயித்த எடுத்துக்கிட்டு லயத்துக்குப் பின்னாடி போயிருக்கான், வால அளக்க சித்தியோட ஸ்கேலும் கூட போயிருக்கு.