மீன் டேங்க்ல நத்தை தொல்லை: கையால பொறுக்குறதா, அசாசின் நத்தைய விடுறதா, மருந்து ஊத்துறதா?

ஒரே ஒரு பிளான்ட் வாங்கிட்டு வந்து நட்டேன், மூணே வாரத்துல கண்ணாடி பூரா புள்ளி புள்ளியா நத்தை. மீன் வளக்குற எல்லாருக்கும் ஒரு தடவையாவது இது நடந்திருக்கும். நான் கடுப்புல கிட்டத்தட்ட எல்லா வழியையும் ட்ரை பண்ணிட்டேன், சிலது உருப்படியா வேலை செஞ்சுது, ஒண்ணு மீனுக்கே வெச்ச ஆப்பு.

மொதல்ல உங்க டேங்க்ல இருக்கறது எந்த நத்தைன்னு பாருங்க, பாதி பேர் இங்கதான் கோட்டை விடுறாங்க. கயித்த சுருட்டி வெச்ச மாதிரி தட்டையா இருந்தா ராம்ஸ்ஹார்ன். சின்னதா, கூர் முனையோட, கண்ணாடியில கொஞ்சம் வேகமாவே ஊர்ந்து போனா பிளாடர். இந்த ரெண்டுலயும் ஆண் பெண் ரெண்டுமே ஒரே உடம்புலதான், ஜோடி இல்லன்னாலும் தனியாவே முட்டை வெச்சிடும், அதனால ஒண்ணே ஒண்ணு உள்ள வந்தா போதும். முட்டை ஜெல்லி மாதிரி இலைக்கு அடியில ஒட்டியிருக்கும், ஒண்ணு ரெண்டு வாரத்துல பொரிஞ்சிடும். மூணாவது மலேசியன் ட்ரம்பெட், கோன் மாதிரி நீளமா இருக்கும், இது முட்டையே வைக்காது நேரா குட்டிதான், அதுக்கு ஆண்கூட தேவையில்ல, பகல் பூரா மண்ணுக்குள்ள புதைஞ்சு கெடக்கும். எனக்கு ட்ரம்பெட்டே இல்லன்னு நம்பிட்டு இருந்தேன், ஒரு நாள் ராத்திரி லைட் ஆஃப் பண்ணி ஒரு மணி நேரம் கழிச்சு போன் டார்ச் அடிச்சு பாத்தா மண்ணு அப்படியே நகருது.

சரி, இப்ப வழிங்களுக்கு வருவோம். கையால பொறுக்குறதும் தூண்டில் வைக்குறதும்தான் ரொம்ப சாதாரணமானது, ரொம்ப பேர் இத மட்டமா நினைக்கிறாங்க, ஆனா என் ஓட்டு இதுக்குத்தான். ஒரு துண்டு வெள்ளரிக்காய், அது மிதக்கும், அதனால ஒரு ஸ்டீல் ஃபோர்க்ல குத்தி லைட் ஆஃப் பண்றப்போ உள்ள இறக்கிடுங்க, காலையில லைட் போடுறதுக்கு முன்னாடி மெதுவா தூக்குங்க, வேகமா தூக்குனா பாதி நத்தை உதிர்ந்துடும். முதல் ராத்திரி நான் எண்ணிப் பாத்தேன், 64. விதைப் பகுதிய குடைஞ்சு தின்னு, தோலு மட்டும் வளையம் மாதிரி நிக்குது, அதுக்குள்ள ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி ஒக்காந்திருக்கு. பத்து நாள் விடாம வெச்சேன், எண்ணிக்கை இறங்குச்சு, ஆனா அதுக்கப்புறம் 15, 20ன்னு அங்கயே நின்னுடுச்சு.

எங்க தப்புன்னு யோசிச்சப்போதான் உறைச்சுது, நான் நாளைக்கு மூணு வேளை ஃபுட் போட்டுட்டு இருக்கேன், மீன் தின்னாம விட்டது எல்லாம் கீழ எறங்கி நத்தைக்கு விருந்து. பாசி, அழுகுன இலை, மிஞ்சுன ஃபுட், இதுதான் அதுங்களுக்கு சாப்பாடு, அது எவ்வளவு இருக்கோ அவ்வளவு நத்தை. ஒரு வேளையாக்கி, அதுவும் ரெண்டு நிமிஷத்துல மீன் காலி பண்ற அளவு மட்டும் போட்டு, வாரா வாரம் மண்ணுல இருக்கற அழுக்க சைபன் பண்ண, அதாவது குழாய் வெச்சு உறிஞ்சி எடுக்க ஆரம்பிச்சேன், அடுத்த மாசமே தூண்டில்ல அஞ்சு ஆறுதான். இத செய்யாம கீழ சொல்ற எத செஞ்சாலும் மறுபடி மொதல்லேர்ந்துதான்.

அடுத்து அசாசின் ஸ்னெயில். மஞ்சள் கறுப்பு பட்டை போட்ட நத்தை, தென்கிழக்கு ஆசியாவுலேர்ந்து வந்தது, மத்த நத்தைங்கள வேட்டையாடி தின்னும். மண்ணுக்குள்ள புதைஞ்சு ஒரு குழாய மட்டும் வெளிய நீட்டிட்டு இருக்கும், வாசனை பிடிச்சதும் மெதுவா வெளிய வந்து ராம்ஸ்ஹார்ன் மேல ஏறி அமுக்கிடும், கொஞ்ச நேரம் கழிச்சு பாத்தா வெறும் ஓடு. ட்ரம்பெட்ட மண்ணுக்குள்ளயே போய் பிடிக்கறதால அந்த கேஸுக்கு இதான் பெஸ்ட். ஆனா பொறுமை வேணும், மாசக்கணக்குல ஆகும். நீங்க அள்ளிக் கொட்டுற ஃபுட்லயே வயிறு ரொம்பிட்டா வேட்டைக்கும் சோம்பேறித்தனம்தான். ஆசையா வளக்குற நெரைட், மிஸ்ட்ரி மாதிரி நத்தைங்க எல்லாத்தையும் தின்னுடும், அதுக்கு வித்தியாசம் தெரியாது. இதுவும் பெருகுமான்னு கேட்டா பெருகும், ஆனா ஆண் பெண் தனித்தனி, ஒரு பையில ஒரே முட்டைதான், அதனால ராம்ஸ்ஹார்ன் வேகமெல்லாம் வராது.

நத்தை தின்னுற மீனுங்களான லோச்சும் பஃபரும் அசாசின விட வேகம்தான், மறுக்கல. ஆனா க்ளவுன் லோச் 30 சென்டிமீட்டர் கிட்ட வளரும், கூட்டமா வேற இருக்கணும், நத்தைக்காக அத வாங்குறது எலிக்கு பயந்து வீட்டக் கொளுத்துன கதைதான். பீ பஃபர் கேரளா பக்கத்து ஆறுகள்ல இருக்கற 3 சென்டிமீட்டர் குட்டி மீன், பாக்க அவ்வளவு அழகு, குணம் மட்டும் ரவுடி, கப்பி வாலெல்லாம் கிழிச்சிடும். அதுக்குன்னு தனி டேங்க் இருந்தா இங்கேர்ந்து பொறுக்குற நத்தைய அதுக்கு போடுங்க, அதுதான் சரியான டீல்.

இப்ப மருந்து, அந்த ஆப்பு கதை. காப்பர் கலந்த நத்தை மருந்து ஒண்ணு வாங்கி, லேபிள்ல போட்ட அளவுதான் ஊத்துனேன். மறுநாள் காலையில தண்ணி பால் மாதிரி, நாத்தம் தாங்கல. நூத்துக்கணக்குல நத்தை மண்ணுக்குள்ளயும் ஃபில்டருக்குள்ளயும் செத்து அழுகி அம்மோனியா ஏறி, நாலு டெட்ரா மீன் போச்சு. இதுல கொடுமை என்னன்னா ஜெல்லிக்குள்ள இருந்த முட்டைங்களுக்கு ஒண்ணுமே ஆகல, ரெண்டு வாரத்துல குட்டி நத்தைங்க கண்ணாடியில ஊருது. ஷ்ரிம்ப் வெச்சிருக்கீங்கன்னா காப்பர் பக்கமே போகாதீங்க, ஷ்ரிம்புக்கு அது விஷம், மண்ணுல தங்கிட்டு பின்னாடியும் படுத்தும். புழு மருந்து ஃபென்பென்டசோல் ஷ்ரிம்ப விட்டுடும், ஆனா நெரைட் காலி. பாக்குச் சாறுல செய்யுற பிளனேரியா (தட்டைப் புழு) மருந்தும் அதே கதைதான். மருந்து ஊத்தியே ஆகணும்னா மொதல்ல தூண்டில் வெச்சு பெரும்பாலானத வெளிய எடுத்துட்டு அப்புறம் ஊத்துங்க, சாகுற கணக்கு கம்மியா இருக்கும்.

புது பிளான்ட் வரப்பவே தடுக்கணும்னா ப்ளீச்சா படிகாரமான்னு ஒரு தனிச் சண்டை இருக்கு. ப்ளீச்னா ஒரு பங்குக்கு 19 பங்கு தண்ணி, ரெண்டு நிமிஷத்துக்கு மேல கூடாது, அப்புறம் டீகுளோரினேட்டர் (குளோரின எடுக்குற மருந்து) போட்ட தண்ணியில நல்லா அலசணும், அனுபியாஸ் மாதிரி தடிச்ச இலை தாங்கும். படிகாரத் தண்ணியில ரெண்டு மூணு நாள் ஊற வைக்கணும், ஸ்லோ, ஆனா பிளான்ட்டுக்கு சாஃப்ட். நான் அவசரத்துல ஜாவா மாஸ்ங்கற மெல்லிசான பாசிச் செடிய ப்ளீச்ல முக்குனேன், வெளுத்து நூலு நூலா ஆயிடுச்சு, ஒருவேளை துளிர்க்குமான்னு பக்கெட்லயே விட்டு வெச்சேன், பத்து நாள் கழிச்சு எட்டிப் பாத்தா மாஸ் துளிர்க்கல, பக்கெட் ஓரத்துல கடுகு சைஸ்ல ஒரு பிளாடர் ஊர்ந்துட்டு இருக்கு.