ஏ9 வீதியோர வெல்டிங் பட்டறை: ஒரு வாடிக்கையாளரின் மதிப்பீடு

கிளிநொச்சியில், ஏ9 வீதியோரப் பட்டறை ஒன்றில் எங்கள் வீட்டுக் கேற்றைச் செய்வித்தோம். கல்வனைஸ் குழாயின் துத்தநாகப் பூச்சை ஒட்டுமிடங்களில் உராய்ந்து நீக்கிய பின்னரே வேலையைத் தொடங்கினார்கள். அந்தப் பூச்சு எரிந்தெழும் வெண்புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் காய்ச்சலும் நடுக்கமும் வரக்கூடும் என்பதை வேலை பழகும் இளைஞர்கூட அறிந்திருந்தார். வேடிக்கை பார்த்த என்னையும், வெல்டிங் ஒளியால் கண் பழுதாகிவிடும் என்று திரைக்கு அப்பால் அனுப்பினார்கள், சற்றுக் கடுமையாகத்தான். கேற் சட்டம் கோணலின்றி இருக்கிறதா என்று மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து, 3 மில்லிமீற்றர் வேறுபாட்டுக்காக ஒரு மூலையை வெட்டி மீண்டும் ஒட்டியதால் வேலை 4 நாள் பிந்தியது. பெயின்ற் பூச்சு நேர்த்தியில்லை; பிணைச்சலருகே முதல் மழையிலேயே கறள் தெரிகிறது. ஆயினும் கேற் ஓசையின்றித் திறக்கிறது. நிதானமும் நுணுக்கமும் உள்ள பிள்ளைகள் தொழில் பழக ஏற்ற இடம் இது. பட்டறை அனுபவத்தைக் கொண்டே பின்னர் என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்கும் விண்ணப்பிக்கலாம்.