ரைசன் 7 5800எக்ஸ்: நிலையான ஓவர்கிளாக்கா, கர்வ் ஆப்டிமைசரா?

2020 நவம்பரில் வெளிவந்த ஏஎம்டியின் இந்த எட்டு கோர் (தனித்தனியே கணக்கிடும் பகுதி) பிராசசரின் அடிப்படை வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸ், தேவைப்படும்போது தானாக எட்டும் பூஸ்ட் வேகம் 4.7. அதை இன்னும் வேகமாக ஓட்ட, அதாவது ஓவர்கிளாக் செய்ய, இங்கே இரண்டு வழிகளை ஒப்பிடுகிறேன்.

கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் எல்லாக் கோர்களுக்கும் 4.6 கிகாஹெர்ட்ஸ், 1.25 வோல்ட் என்பதுபோல ஒரே அளவை நிலையாக அமைப்பது பழைய வழி. மணிக்கணக்கில் ஓடும் வீடியோ ரெண்டரிங்குக்கு அது பொருந்தும். ஆனால் ஓரிரு கோர்களையே பெரிதும் நம்பியிருக்கும் விளையாட்டுகளில், தானாகவே 4.7-ஐத் தொடக்கூடிய கோரையும் நாமே கட்டிப்போட்டுவிடுகிறோம்; இந்த இழப்பை என்னால் ஏற்க முடியவில்லை. வெப்பத்துக்கேற்ப வேகத்தைச் சரிசெய்யும் பூஸ்ட் ஏற்பாடும் அப்போது விலகிவிடுவதால், முழுப் பொறுப்பும் கூலர்மீதும் நம்மீதும் விழுகிறது.

இரண்டாவது வழியான கர்வ் ஆப்டிமைசர் என்னும் பயாஸ் அமைப்போ ஒவ்வொரு கோரின் மின்னழுத்தத்தையும் தனித்தனியாக, மைனஸ் 30 படிகள் வரை, படிக்கு ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட் வீதம் குறைக்க விடுகிறது. குறையும் வெப்பம் கூடுதல் பூஸ்டாகத் திரும்பி வருகிறது. இதன் சிக்கல் சோதனையில்தான் இருக்கிறது: சினிபெஞ்ச் போன்ற கடும் சோதனையில் தேறிய கணினி, சும்மா இருக்கும்போது திடீரென்று ரீஸ்டார்ட் ஆகலாம், ஏனெனில் சுமை குறைந்த வேளையில்தான் ஒற்றைக் கோர் உச்ச வேகத்துக்குத் தாவுகிறது; குறைத்த மின்னழுத்தம் அதற்குப் போதாமல் போகலாம். ஆகவே கோர்களை ஒவ்வொன்றாகச் சோதிப்பது கட்டாயம்.

எந்த வழியானாலும், வெப்பம் ஒரே சிறிய சிலிக்கான் துண்டில் குவிவதால், இரட்டைக் கோபுர ஏர் கூலரோ 240 மி.மீ. லிக்விட் கூலரோ வேண்டும். பிராசசருடன் கூலர் வருவதில்லை. விளையாட்டும் வேலையும் கலந்த வீட்டுக் கணினிக்கு நான் கர்வ் ஆப்டிமைசரையே பரிந்துரைப்பேன்: மிகச் சிறந்த இரு கோர்களுக்கு மைனஸ் 5, மற்றவற்றுக்கு மைனஸ் 15 என்று தொடங்குங்கள்.