கொக்கிரகுளம் டைப்பிங் கடையும் என் 4.8 மார்க்கும்

நெல்லை கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடைகளுக்கு நடுவே ஒரு சின்ன டைப்பிங் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. அங்கே டைப் அடிக்கும் அக்காவைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். 2023-24ஆம் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையில் அதிகாரி எனக்குப் பத்துக்கு 4.8 போட்டு, டிசம்பரில் தகவல் சொல்லாமல் மூன்று நாள் வரவில்லை என்று எழுதிவிட்டார். வெள்ளம் வந்த அந்த டிசம்பர் 17, 18 எப்படி இருந்தது என்று நெல்லைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். சிந்துபூந்துறையில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் இடுப்பளவு நின்றது. போனில் சார்ஜ் இல்லை, டவரும் இல்லை. 4.8 என்றால் ‘நன்று’ என்று பெயர். கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் 20 வருடம் முடித்ததற்கு வரவேண்டிய எம்.ஏ.சி.பி. என்கிற, பதவி உயர்வு கிடைக்காதவர்களுக்கான சம்பள உயர்வுக்கு ‘மிக நன்று’ வேண்டும், அதாவது குறைந்தது 6.

மார்க்கை மாற்றக் கேட்டு மேலதிகாரிக்கு ஒரு முறையீட்டை இரண்டு ராத்திரி தூங்காமல் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். அக்கா டைப் அடிக்க உட்காரவில்லை. “ரிப்போர்ட் என்னைக்குத் தம்பி உங்க கைக்கு வந்தது?” என்று கேட்டு, சுவர் காலண்டரில் விரல் வைத்து எண்ணினார். முறையீட்டை 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும். எனக்கு மிச்சம் ஆறு நாள். முன்பெல்லாம் பாதகமான குறிப்பை மட்டும்தான் நம்மிடம் காட்டுவார்கள். 2008இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாப் பதிவையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. மத்திய அரசின் 2009 உத்தரவுக்கு அப்புறம்தான் முழு அறிக்கையும் கைக்கு வருகிறது, இந்த 15 நாளும் கிடைக்கிறது.

அப்புறம் பென்சிலை எடுத்தார். அதிகாரி பழிவாங்குகிறார் என்று ஒரு பாரா, மனசாட்சி இல்லாதவர் என்று ஒரு பாரா எழுதியிருந்தேன். “இதுக்குத் தாள் இருக்கா?” இல்லை. அடித்துவிட்டார். “தண்ணி வந்ததுக்கு?” போனில் படம் இருந்தது, சுவரில் சேறு கோடு போட்ட உயரம் தெரிகிற மாதிரி. வெள்ள நிவாரண டோக்கனின் நகல், மின்சாரம் வந்த அன்றே அனுப்பிய விடுப்புக் கடிதம் இரண்டும் இருந்தன. அதிகாரி எழுதியது, நடந்தது, அதற்கான இணைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு ஒன்றரைப் பக்கத்தில் அக்கா முடித்தார். கிளம்பும்போது, “இன்னொரு காப்பியில தபால் பிரிவு சீலும் தேதியும் வாங்காம வந்துராதீங்க” என்றார். சொந்தத் தம்பியிடம் சொல்வது போலத்தான் சொன்னார்.

மேலதிகாரி அந்த வரியை நீக்கி 6.2 ஆக்கினார். நான் கேட்டது 7. என் அதிகாரி இன்றுவரை அதைப் பற்றிப் பேசவில்லை.

குறை என்றால், அக்கா அடிக்கும் ஆங்கிலத்தில் எழுத்துப் பிழை வரும். எனக்கு மூன்று இடத்தில் வந்தது. பிரிண்ட் எடுக்கும் முன் ஸ்கிரீனிலேயே ஒரு தடவை வாசித்துவிடுங்கள், திருத்தத்துக்குக் காசு கேட்பதில்லை. பக்கத்துக்கு 40 ரூபாய். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள். குறைதீர் கூட்டத்துக்கு மனு கொடுக்க வருகிறவர்கள் காலையிலேயே வரிசையில் நிற்பார்கள், அன்று அக்காவுக்கு டீ குடிக்கக்கூட நேரம் இருக்காது.